ஆஸ்பத்திரி வண்டிக்கு ஜெர்மன் முகம்

"…மூஞ்சிய எவ்ளோ வேணா மாத்திக்கோங்க நைனா. நான் இந்த வண்டிய மூஞ்சிய பாத்து அடையாளம் வச்சிக்கல" என்றார் மோகனா அக்கா.

இரண்டு ஹெட்லைட்டின் வெளிச்சமும் அவர் மேல்தான் விழுந்திருந்தது. ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, மறு தோளில் கரண்டிப் பையை மாட்டிக்கொண்டு, செங்கல்பட்டு பைபாஸ் ஓரத்தில் எங்கள் ஷெட் வாசலில் நின்றார். விளக்கு வைக்கிற நேரம். மார்கழி போய்த் தை பிறந்திருந்தது. பெயின்ட் வாசனை எங்கள் எல்லார் தலைமுடியிலும் இருந்தது.

நாங்கள் நாலு பேர் நின்றோம். டிங்கர் தட்சிணா, வண்டிக்காரர் ஏகாம்பரம், மாமல்லபுரத்துச் சிற்பி கன்னியப்பன், சீட்டுக்குக் குஷன் தைக்கிற நான்.

அக்கா அடுத்து என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். ஆனால் அவரே அடிக்கடி சொல்வார்: "கொழம்ப மொதல்ல ஊத்திட்டு அப்பால சோத்த தேடாத." அதனால் சோற்றை முதலில் வைக்கிறேன்.

ஏலத்தில் வந்தவள்

அம்பாசடர் காரையே பின்பக்கம் நீட்டி, கூரையை வால் வரைக்கும் இழுத்து, மேலே தூக்குகிற மாதிரி ஒரு பின்கதவு வைத்தால் அதுதான் எஸ்டேட் வண்டி. அந்தக் காலத்தில் பெரிய மனிதர்களிடம் ஒன்றிரண்டு இருந்தன. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிகளில். நீட்டிய பின்பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் போகும் என்பதால்.

ஏகாம்பரத்துக்குச் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரன் கோட்டைக்குப் பின்னால் வீடு. கடலுக்குப் போகிற குடும்பம். இவர் ஒருவருக்குத்தான் அலை ஒத்துக்கொள்ளாமல் ஸ்டியரிங் பிடித்தார். கல்பாக்கத்துக்கு ஆள் ஏற்றுகிற வேன்களில் பத்து வருஷம் ஓட்டினார். எல்லாம் அடுத்தவன் வண்டி. ஒரு நாள் படகில் தனக்கிருந்த பங்கைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு ஆஸ்பத்திரி ஏலத்தில் இந்த எஸ்டேட்டை எடுத்துவிட்டார்.

எடுத்த அன்று மனிதர் தரையில் நடக்கவில்லை. வெள்ளை வண்டியை நீலமாக்கினார். பூஜை போட்டார். மாமல்லபுரம் டாக்ஸி ஸ்டாண்டில் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினார்.

நாலு மாதம் நின்றது. நின்றதோடு சரி.

அந்த வண்டி நோயாளிகளை மட்டும் ஏற்றவில்லை. நோய் முடிந்தவர்களையும் வீட்டில் கொண்டுபோய் விட்டது அதுதான். சுற்று வட்டாரத்தில் அதன் பின்னால் அழுதுகொண்டு ஓடாத தெரு குறைவு. நீலம் பூசினால் தெரியாமல் போகுமா? ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் வாயைச் சும்மா வைத்திருப்பார்களா?

"ஏகாம்பரம், உன் வண்டில ஒன் வே மட்டும்தானா, ரிட்டனும் கீதா?"

"ரிட்டன் கேட்டு எவனும் இதுவரிக்கும் சண்டைக்கு வரல மச்சான்" என்பார் ஏகாம்பரமும்.

வெளியில் கேட்டால் சிரிப்புத்தான். வீட்டில் அவர் சம்சாரமும் ஏறவில்லை. "அதுல ஏற எனக்கு ஒரு நாள் வரும். அதுவரிக்கும் பஸ்லயே போறேன்" என்று சொல்லிவிட்டாராம். ஏகாம்பரம் இதை என்னிடம் சொன்னபோது சிரிக்கத்தான் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது.

கடைசி நம்பிக்கையாக மோகனா அக்காவிடம் போனார். கருங்குழிக்காரர். கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர். தை, மாசி, பங்குனி, வைகாசி என்று முகூர்த்தம் வந்தால் மதுராந்தகம் முதல் கடற்கரை வரைக்கும் அவர் அடுப்புதான் எரியும். அண்டா, குண்டான், ஆள், காய்கறி எல்லாம் ஏற்ற அவருக்கு வண்டி வேண்டும். அவர் எந்த வண்டியில் ஏறுகிறாரோ அந்த வண்டியைப் பெண் வீட்டாரும் கேட்பார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் கேட்பார்கள். மங்கல காரியத்துக்கு அவர் ஏறி வந்த வண்டி என்றால் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது.

அக்கா காபி கொடுத்தார். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். "வண்டி நல்ல வண்டிதான் நைனா. எனக்கு வேணாம்" என்றார். காரணம் சொல்லவில்லை. அவர் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் முன்னால் இறந்தது எல்லாருக்கும் தெரியும். எந்த வண்டியில் வீட்டுக்கு வந்தார் என்று கேட்கிற புத்தி எங்கள் ஒருவருக்கும் இல்லை.

ஊர் தன் தீர்ப்பை எழுதிக்கொண்டது: மோகனாவே வேண்டாம் என்றுவிட்டார்.

தை முகூர்த்தத்துக்குள் ஒரு ஆளாவது ஏறவில்லை என்றால் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, மறுபடியும் அடுத்தவன் வண்டி ஓட்டுவது என்று முடிவு செய்துகொண்டு ஏகாம்பரம் எங்கள் ஷெட்டுக்கு வந்தார். வந்தவர் தட்சிணாவிடம் கேட்டது ஒன்றுதான்: "அண்ணாத்த, இதுக்கு வேற மூஞ்சி வெக்க முடியுமா?"

யாளியும் நானும்

வேறு முகம் வைப்பது அப்போது புதிதில்லை. நான் முதன்முதலில் அப்படி ஒன்றைப் பார்த்தது மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயில் பக்கம். ஒரு ஓட்டல்காரர் வண்டி. முன்னால் வெளிநாட்டுச் சீமான் மாதிரி பளபளவென்று கிரில், உருண்டைக் கண்ணாடி விளக்கு, வெள்ளி பம்பர். இப்படி ஒரு வண்டியைத் தொட்டாவது பார்க்கலாம் என்று சுற்றிப் போனால், பின்னால் நம் ஊர் எஸ்டேட். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு உடம்பில் இரண்டு பிறவி.

ஏமாற்று வேலை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஊரில் வளர்ந்த ஆளுக்கு அப்படித் தோன்றாது. சிங்க முகம், யானைத் தும்பிக்கை, குதிரை உடம்பு என்று தூணுக்குத் தூண் யாளி நிற்கிறது. அதைப் பார்த்து "இது எந்தக் கம்பெனி?" என்று யாராவது கேட்டார்களா? கும்பிட்டுவிட்டுத்தானே போகிறோம்.

நான் எட்டாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்த படிப்பெல்லாம் ரெக்சினுக்கு ஊசி போட்டுக்கொண்டே காதில் வாங்கியது. டிங்கர் ஷெட் அதற்கு நல்ல பள்ளிக்கூடம். ஒரு நெளிவு எடுக்கக் காத்திருக்கிற நேரத்தில் மனிதன் தன் வாழ்க்கை முழுவதையும் சொல்லிவிடுவான்.

தட்சிணா பேசுகிற ஆள் இல்லை. சுத்தியல்தான் பேசும். மாதத்துக்கு ஒரு வாக்கியம் சொல்வான், அதை நான் சீட்டு அட்டையின் பின்னால் எழுதி வைத்துக்கொள்வேன். "தகடு பொய் சொல்லாது மச்சான். பட்டிதான் சொல்லும்" என்பது அதில் ஒன்று. நெளிந்த தகட்டை அடித்து நிமிர்த்தாமல் மேலே பட்டி பூசி மறைக்கிறவர்களை அவனுக்குப் பிடிக்காது. அவன் கை பட்ட வண்டியில் பட்டி ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு மேல் இருக்காது.

பின்னால் செத்தது, முன்னால் பிழைத்தது

முகம் சென்னையில், உடைத்த வண்டிகளின் பாகம் விற்கிற புதுப்பேட்டையில் கிடைத்தது. பெரிய ஜெர்மன் வண்டி. நின்றுகொண்டிருந்தபோது பின்னால் லாரி வந்து ஏறியிருக்கிறது. பின் சீட்டு வரைக்கும் அப்பளம். முன்னால் ஒரு கீறல் இல்லை. முகம், பானட், இரண்டு மட்கார்டு, முன்கதவுகள் எல்லாம் நேற்றுக் கடையிலிருந்து எடுத்த மாதிரி. மூக்கின் மேல் நிற்கிற சின்னத்தை மட்டும் எவனோ முறுக்கி எடுத்துப் போயிருந்தான்.

டெம்போவிலிருந்து அதை இறக்கி ஷெட்டில் செங்கல் மேல் சாய்த்து வைத்தோம். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். உடம்பில்லாத முகம். ஆனாலும் அது எங்களைப் பார்த்தது. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனார். ஏன் கழற்றினார் என்று அவருக்கும் தெரியாது.

தட்சிணா டேப்பை எடுத்தான். எடுத்ததும் முகம் மாறியது. அவன் முகம்தான்.

"பக்கத்துக்கு மூணு வெரல் ஜாஸ்தி கீது. ஆறு வெரல் மொத்தம்."

எஸ்டேட் ஒடுக்கம், முகம் அகலம். மாட்டினால் இரண்டு பக்கமும் காது மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு நாள் முழுக்க பீடி குடித்துவிட்டு மறுநாள் தட்சிணா முடிவுக்கு வந்தான். பானட்டின் நட்டநடுவில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டான். நடுவில் ஆறு விரலை எடுத்துவிட்டு இரண்டு பாதியையும் சேர்த்துப் பற்றவைப்பது. கிரில்லையும் அப்படியே. பல பட்டறைகளில் அப்படித்தான் செய்தார்கள்.

ஆக்ஸா பிளேடை முன் உதட்டில் வைத்து இழுக்க ஆரம்பித்தான். இரண்டு விரல் ஆழம் போயிருக்கும்.

நூல்

"இன்னா தட்சிணா, மூஞ்சிய நடுவுல கீறினு கீற?"

கன்னியப்பன். மாமல்லபுரத்தில் கல் தட்டுகிறவர். எங்கள் வயதுதான். கல் ஏற்றுகிற டெம்போவின் கேரியர் விட்டுப்போய், வெல்டிங்குக்காகக் காலையிலிருந்து காத்துக்கொண்டு இருந்தார். காத்திருக்கிற மனிதனுக்கு வாய்தான் வேலை.

"ஒடம்பு சின்னது, மூஞ்சி பெருசு. ஆறு வெரல் எடுத்தா உக்காந்துக்கும்" என்றான் தட்சிணா.

"எங்க பட்டறைல எவனாவது இத பண்ணா உளிய புடுங்கிகினு வூட்டுக்கு அனுப்பிடுவோம்."

"உன்து கல்லு. ஓடாது, பிரேக் புடிக்காது. வெச்ச எடத்துல கெடக்கும். வந்துட்டாரு பேச."

கன்னியப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து வந்து பானட்டில் கையை வைத்தார். அந்த உள்ளங்கை சொரசொரப்பில் பெயின்ட் போய்விடுமோ என்று எனக்குப் பயம். "எங்க வேலைல மூஞ்சிதான் அளவு. மொதல்ல மூஞ்சிய முடிவு பண்ணுவோம். அப்பால அந்த மூஞ்சிய வெச்சி கழுத்து, மாரு, தொட எல்லாத்தையும் அளப்போம். சாமிக்கு ஒம்போது மூஞ்சி ஒசரம். புள்ளையாருக்கு அஞ்சு. பூதத்துக்கு நாலு. ஒடம்புக்காவ மூஞ்சிய வெட்றது எந்தக் கணக்குலயும் இல்ல."

"அப்ப இது எத்தினி மூஞ்சி?" என்றேன் நான். எனக்கு இந்த மாதிரிப் பேச்சென்றால் ஊசி தானாக நின்றுவிடும்.

என் நூல்கண்டை வாங்கினார். ஜெர்மன் முகத்தின் அகலத்துக்கு நூலைப் பிடித்து அறுத்தார். அதை எஸ்டேட்டின் பக்கத்தில் மூக்கிலிருந்து வால் வரைக்கும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே நடந்தார்.

"ரெண்டர. மூணுகூட வரல."

"பூதத்துலயும் குட்டி" என்றான் தட்சிணா.

"குட்டிதான். இருந்துட்டுப் போட்டும். ஆனா தோள் இல்லாத பூதத்த நான் செதுக்கினது இல்ல. மூஞ்சி அகலமா இருந்து தோள் ஒடுங்கிப் போயி இருந்தா அவன் யாரு, தெரியுமா?"

"யாரு?"

"ஆஸ்பத்திரி கட்டில்ல கெடக்கிறவன்."

அதுவரை மூலையில் டயர் மேல் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் எழுந்து நின்றார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணாத்த," என்றார் தட்சிணாவிடம், "தோள் குடு."

தட்சிணா ஆக்ஸா பிளேடைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினான். வெட்டின இரண்டு விரல் ஆழத்தையும் அன்றைக்கே பித்தளை விட்டு அடைத்தான். அதன் மேல் பட்டி பூசவில்லை. "என் தப்பு. இருக்கட்டும்" என்றான். அது அந்த மாதத்து வாக்கியம்.

வெளிச்சம் ஓடின கோடு

புரட்டாசியில் தொடங்கினது தை வரைக்கும் போனது. முகத்தை வெட்டியிருந்தால் பதினைந்து நாள் வேலை. தோள் கொடுப்பதென்றால் முன்சக்கரத்துக்கு மேல் இரண்டு தட்டு தட்டினால் போதாது. அகலம் முன்னால் ஆரம்பித்துக் கதவு, பின்கதவு, பின் மட்கார்டு என்று குறையாமல் ஓடி வால் வரைக்கும் போக வேண்டும். பாதியில் நின்றால் வீக்கம் மாதிரி இருக்கும் என்றார் கன்னியப்பன். அவர் டெம்போ என்றைக்கோ சரியாகிவிட்டது. ஆனாலும் வாரம் ஒரு தரம் வந்தார். செங்கல்பட்டில் தனக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொள்வார்.

மணல் மூட்டையின் மேல் தகட்டைப் போட்டு மரச்சுத்தியால் தட்டுவான் தட்சிணா. லேசாக, லேசாக. ஒரே இடத்தில் இரண்டு அடி விழாது. தட்டத் தட்டத் தட்டையான தகடு வயிறு வைக்கும். அச்சில்லை, படமில்லை. ஜெர்மன் மட்கார்டை ஒரு தரம் தடவுவான், கண்ணை மூடிக்கொள்வான், தகட்டைத் தடவுவான். கை சொல்கிற இடத்தில் அடி.

நான் ஒரு பக்கம் உட்புறத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பழைய கூரைத்துணி, தரை லினோலியம், ஸ்ட்ரெச்சர் தண்டவாளம். டெட்டால் வாசனை துணிக்குள் இறங்கியிருந்தது. மேலே தூக்குகிற அந்தப் பெரிய கதவின் உட்பக்கக் கொக்கியில் ஒரு துணி இறுக்கி முடிந்து கிடந்தது. சேலைக் கரை. அரக்கு நிறம், ஓரத்தில் மஞ்சள் கோடு. ஒரு முழம் இருக்கும். நர்ஸம்மா யாராவது கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டிக் குப்பைச் சாக்கில் போட்டேன். நாற்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறேன். வெட்டினதில் இன்றுவரை கையில் நிற்பது அந்த ஒன்றுதான்.

தோள் வால் வரைக்கும் போனதில் ஒரு சிக்கல். அந்தக் கதவின் பழைய பூட்டு இப்போது எட்டவில்லை. அகலம் ஏறிவிட்டதே. எட்டினாலும் பிரயோசனம் இல்லை, பல் தேய்ந்துபோய் என்றைக்கோ பிடிப்பு விட்ட பூட்டு. தட்சிணா ஜெர்மன் வண்டியின் முன்கதவிலிருந்து பூட்டைப் பிடுங்கி இங்கே பொருத்தினான். இரண்டு நாள் எடுத்தது. முதல் தரம் சாத்தியபோது நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

நம் ஊர் வண்டிக் கதவை அறைந்து சாத்த வேண்டும். இது அப்படி இல்லை. கையை விட்டால் தானாக இறங்கி, 'தொப்' என்று ஒரு சத்தம். பட்டுப்புடவை அடுக்கின பீரோவைச் சாத்தினால் வருமே, அந்த மாதிரி. ஏகாம்பரம் இருபது தரம் திறந்து திறந்து மூடினார். "வூட்டு வாசக்கதவுகூட இப்டி மூடாது அண்ணாத்த" என்றார்.

பெயின்டுக்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. பக்கத்தை மண்ணெண்ணெயால் நனைத்துவிட்டு ட்யூப்லைட்டின் பிம்பம் அதில் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது. மேடு பள்ளம் இருந்தால் வெளிச்சக் கோடு நெளியும். அன்று காலை தட்சிணா நனைத்துவிட்டு விலகி நின்றான். நான் குனிந்து பார்த்தேன்.

ஹெட்லைட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு கிளம்பியது. முன்சக்கரத்தின் மேல் ஏறி, கதவுகளைத் தாண்டி, எங்கள் எஸ்டேட்டின் வயதான இடுப்பு வழியாக, ஒரு இடத்திலும் உடையாமல் வால் வரைக்கும் போயிற்று. விடியற்காலையில் கொளவாய் ஏரியின் கரை அப்படித்தான் இருக்கும், காற்றில்லாத நாளில். எது ஜெர்மனி, எது நம் ஊர், எது தட்சிணா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எட்டாவதோடு நின்ற இன்னொருவன், ஒரு மரச்சுத்தியும் மணல் மூட்டையும் வைத்துக்கொண்டு செய்தது. நான் வாயில் வைத்திருந்த ஊசியை எடுக்க மறந்து நின்றேன்.

கன்னியப்பன் வந்து பார்த்தார். அந்தக் கோட்டோடு கூடவே வால் வரைக்கும் நடந்தார். பிறகு, "கல்லுல தப்பு பண்ணா கல்லு போச்சு. உன்துல திருப்பி அடிக்கலாம். அதான் உனக்கு தெகிரியம்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

பசு நின்ற நேரம்

அரக்கும் கறுப்பும் கலந்த ஒரு நிறம் அடித்தார் பெயின்டர். எல்லாம் முடிந்தது. ஹெட்லைட் ஒயரை மட்டும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டாம் என்று தடுத்தவர் கன்னியப்பன்.

அவர்கள் தொழிலில் சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். திறந்த கண்ணின் முதல் பார்வை உக்கிரமானது. அது மனிதர் மேல் விழக்கூடாது. கண்ணாடியில் விழ வேண்டும், கன்றோடு நிற்கிற பசுவின் மேல் விழ வேண்டும்.

"இது வண்டிப்பா" என்றான் தட்சிணா.

"மூஞ்சி வெச்சிட்டல்ல? அப்பறம் இன்னா வண்டி?"

ஏகாம்பரம் எந்தத் தீங்குக்கும் இடம் வைக்க விரும்பாத நிலையில் இருந்தார். எனவே அன்று மாலை டீக்கடைப் பசு வந்தது. என் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடி வந்தது. "வண்டி மூஞ்சி பாக்க நம்மூட்டு கண்ணாடியா?" என்று என் சம்சாரம் கேட்டதை இங்கே விரித்து எழுதவில்லை. சின்னம் பறிபோன ஓட்டையில் ஏகாம்பரம் ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருகினார். அது அங்கே பிறந்த மாதிரி உட்கார்ந்தது.

கண்ணாடியைப் பெஞ்சின் மேல் சாய்த்தோம். பசுவைப் பக்கத்தில் நிறுத்தினோம். பசு நின்றது. கன்று நிற்கவில்லை. பைபாஸில் ஒரு லாரி ஹாரன் அடித்ததும் அது டீக்கடையைப் பார்த்து ஓட, பசு அதன் பின்னால் ஓட, கயிறு பெஞ்சில் மாட்டிக் கண்ணாடி குப்புற விழுந்தது. தட்சிணா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். வெளியில் நடந்தது அவனுக்குத் தெரியாது. "போடு" என்று யாரோ முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். போட்டுவிட்டான்.

பசு நிற்க வேண்டிய இடத்தில் மோகனா அக்கா நின்றார்.

ஜல்லிக்கரண்டிகளின் பிடி விட்டுப்போனதைப் பற்றவைக்கக் கொடுத்திருந்தார். நாங்கள் மத்தியானமே டீக்கடையில் கொடுத்து வைத்திருந்ததை வாங்கிக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் பிடிக்கப் போகிறவர் தட்சிணாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். மறுநாள் சதுரங்கப்பட்டினத்தில் கல்யாணம். அண்டாக்கள் முன்னால் போய்விட்டன.

கன்னியப்பன் முகம் வெளுத்தது. ஏகாம்பரம் இரண்டு அடி முன்னால் வந்தார், நின்றுவிட்டார். தட்சிணா இறங்கி வந்தான், விளக்கை அணைக்கக்கூடத் தோன்றாமல்.

அக்கா அந்த முகத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "அழகாத்தான் கீது" என்றார். பிறகுதான் நான் முதலில் எழுதினதைச் சொன்னார். மூஞ்சியை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், நான் இந்த வண்டியை மூஞ்சியைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளவில்லை.

கதவு

"வேற எத வச்சிக்கா?" என்று கடைசியில் நான்தான் கேட்டேன்.

"பின்னாடி கதவ வச்சி. அவர ஆஸ்பத்திரிலேந்து ஏத்திகினு வந்தப்ப அது நிக்கல. சாத்தினா தொறந்துக்குது. டிரைவரு பாவம், அவரும் ரெண்டு வாட்டி எறங்கிப் பாத்தாரு. பள்ளத்துல எறங்கும்போது கதவு தொறந்து எங்கூட்டுக்காரரு காலு வெளிய வந்துடுமோன்னு இருந்திச்சி. சேலைய கிழிச்சி கொக்கில கட்டி, கருங்குழி வரிக்கும் இழுத்து புடிச்சிகினே வந்தேன். வூட்ல எறங்கினப்ப இந்தக் கையி மூடினது மூடினதுதான். எல்லாரும் அழுவுறாங்க. என்னால வெரல விரிக்க முடியல."

வலது கையை வெளிச்சத்தில் காட்டினார். இப்போது விரிந்துதான் இருந்தது.

"நீங்க மூஞ்சிய பாத்துகினு கீறீங்க. நான் உள்ள உக்காந்து வந்தவ" என்றார்.

அரக்கு நிறம், ஓரத்தில் மஞ்சள் கோடு. அதைக் குப்பைச் சாக்கில் போட்டவன் நான். இன்றுவரை அவரிடம் அதைச் சொன்னதில்லை.

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். சாவியைத் தட்சிணாவிடம் நீட்டினார், எல்லாம் முடிந்தது என்கிற மாதிரி. தட்சிணா அதை வாங்கவில்லை. அவன் அக்காவைப் பார்த்து அந்த மாதத்து வாக்கியத்தைச் சொன்னான்.

"ஒரு வாட்டி சாத்திப் பாருக்கா."

அக்கா பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு வெளிச்சத்திலிருந்து விலகி, வண்டியின் பக்கமாக நடந்தார். நடக்கும்போது அவர் கை அந்தத் தோளின் மேல் லேசாகப் பட்டுக்கொண்டே போனது, வால் வரைக்கும். நாங்கள் பின்னால் போகாமல் ஓரமாக நின்று பார்த்தோம்.

கதவைத் தூக்கினார். உள்ளே நான் தைத்த புதுக் கூரைத்துணி. அவர் அதைப் பார்க்கவில்லை. கதவை இறக்கும்போது வலது கை தானாக உள்பக்கம் போனது, கொக்கி இருந்த இடத்துக்கு. அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. கையை இழுத்துக்கொண்டார்.

'தொப்'.

உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்து அழுத்தினார். விளிம்பில் விரல் கொடுத்து இழுத்தார். வரவில்லை. திறந்தார், மறுபடி சாத்தினார், மறுபடி இழுத்துப் பார்த்தார். கருங்குழி வரைக்கும் போகிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார். மூன்றாம் தரம் கதவை விட்டுவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அது தானாக இறங்கி மூடுவதைப் பார்த்தார்.

பிறகு இன்னொரு தரம் திறந்து, தோளிலிருந்து கரண்டிப் பையை இறக்கி உள்ளே வைத்து, கதவை விட்டு, அது மூடுகிற சத்தத்துக்கு நிற்காமல், முன்பக்கம் வந்து ஏறி உட்கார்ந்தார்.